அக்கா இல்லாத படமும் அக்கா இருக்கும் படமும்



போன வாரம் கன்னியாகுமரியில் எடுத்த இரண்டு கடல் படங்களைப் போட்டிருந்தேன். நிறையப் பேர் பாராட்டினீர்கள். மகிழ்ச்சி. "டீச்சர், தண்ணி எப்படி இப்படிப் பஞ்சு மாதிரி வந்துச்சு?" என்று பழைய மாணவர்கள் கேட்டிருந்தார்கள். "ரெண்டாவது படத்துல நிக்கிறது யாரு?" என்று உறவுக்காரப் பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் என் பாடம் மணி அடித்தபின்னும் போகும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

ஜூஜுவாடியில் இருந்துகொண்டு கடல் படமா என்று சிலர் சிரித்திருக்கிறீர்கள். நம் ஊரைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். இங்கே சோதனைச்சாவடி உண்டு, தொழிற்சாலைகள் உண்டு, இரவும் பகலும் லாரிகள் உண்டு. கடல் மட்டும் கிடையாது. ஆனால் நம் ஊர் வழியாகப் போகிறதே தேசிய நெடுஞ்சாலை 44, அது ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில்தான் முடிகிறது. எத்தனையோ வருடம் அந்தச் சாலையைக் கடந்து பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். இதன் கடைசியில் கடல் இருக்கிறது என்று வரைபடத்தில் குச்சியை வைத்து உங்களுக்குக் காட்டியும் இருக்கிறேன். அந்தக் கடைசி வரை நான் போனதில்லை.

2017-ல் ஓய்வு பெற்றேன். இவர் போனபிறகு வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகன் புது கேமரா வாங்கியபோது பழையதை என்னிடம் கொடுத்தான். "சும்மா வச்சிருங்கம்மா" என்றான். சும்மா வைத்திருக்க எனக்குத் தெரியாது. 2003-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் (பையன் என்ன, இப்போது அவனுக்கே இரண்டு பிள்ளைகள்) சிப்காட்டில் வேலை பார்க்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுக்கிறான். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், என்னிடம் மட்டும் தமிழ். அவனைக் கூப்பிட்டுச் சொல்லித்தரச் சொன்னேன். "டீச்சர், நான் உங்களுக்கா?" என்று கூச்சப்பட்டான். "ஆமாம், உட்கார்" என்றேன்.

முதலில் கெலவரப்பள்ளி அணைக்குத்தான் போனோம். கடலுக்குப் போகுமுன் தண்ணீரில் பழக வேண்டும் என்றான். அவன் சொல்லிக்கொடுத்ததை என் பாணியில் சொல்கிறேன்.

தெருக்குழாயில் ஒரு குடம் நிரப்ப வேண்டும். தண்ணீர் வேகமாக வந்தால் சீக்கிரம் நிரம்பும், ஒல்லியாக வந்தால் நேரமாகும். படத்துக்கு வேண்டிய வெளிச்சம்தான் அந்தக் குடம். கேமராவின் கதவு திறந்திருக்கும் நேரம்தான் குழாய் திறந்திருக்கும் நேரம். சாதாரணப் படத்தில் அந்தக் கதவு நூறில் ஒரு பங்கு விநாடிதான் திறக்கிறது. அதனால் அலை அப்படியே உறைந்து தெரிகிறது. கதவைப் பல விநாடிகள் திறந்து வைத்தால் அந்த நேரத்தில் அலை போன இடம், வந்த இடம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து பஞ்சு போல ஆகிவிடும். அசையாத பாறை மட்டும் பாறையாகவே இருக்கும். இவ்வளவுதான் இதன் அறிவியல்.

பகல் வெளிச்சத்தில் இப்படித் திறந்து வைத்தால் குடம் வழிந்துவிடும், படம் வெள்ளைத்தாள் மாதிரி வரும். அதனால்தான் விடியலும் அந்தியும். வெளிச்சம் குறைவு, நிறமும் அதிகம். அதற்கும் மேலே நேரத்தை நீட்ட, லென்சுக்கு முன்னால் ஒரு கருப்புக் கண்ணாடி போடுகிறார்கள். என்டி ஃபில்டர் என்று பெயர். 64 என்று போட்ட கண்ணாடி வெளிச்சத்தை 64-ல் ஒரு பங்காகக் குறைக்கும். அப்படியானால் நேரத்தை 64-ஆல் பெருக்க வேண்டும். கண்ணாடி இல்லாமல் அரை விநாடி என்றால், கண்ணாடியோடு 32 விநாடி. 1000 என்று போட்ட கண்ணாடியானால் எட்டு நிமிடத்துக்கும் மேல். வாய்ப்பாடு எதற்கு டீச்சர் என்று கேட்டவர்கள் கவனிக்கவும்!

கெலவரப்பள்ளியில் எடுத்த முதல் நல்ல படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தென்பெண்ணையில் கழிவு கலந்து வந்து, அணைத் தண்ணீர் நுரை நுரையாகப் பொங்குவது நம் பகுதிக்காரர்களுக்குப் புதிதல்ல. அன்றும் நுரை மிதந்தது. இருபது விநாடி கதவைத் திறந்து வைத்தேன். நுரை சுற்றிச் சுற்றி வந்த தடமெல்லாம் வெள்ளைக் கோலம் மாதிரி பதிந்துவிட்டது. அவ்வளவு அழகு! பையன் துள்ளினான். எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. அந்த நுரை காற்றில் பறந்து வயலில் விழுகிறது, நாற்றத்தில் அங்கே நிற்க முடியவில்லை. படத்திலோ அது பட்டுத் துணி. படத்தைப் போட்டபோது கீழே "இது நுரை, கோலம் அல்ல" என்று எழுதித்தான் போட்டேன். நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேமரா சிலவற்றை அழகாக்கும், சிலவற்றை மறைக்கும் என்று அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

பொங்கல் முடிந்து 2025 ஜனவரியில் பையன் தன் காரில் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னான். காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கும் என் அக்காவையும் அழைத்தேன். அக்காவுக்கு 72 வயது. கடலைப் பார்த்ததே இல்லை. "எனக்கெதுக்கு பாப்பா, முட்டி வலி" என்றாள். எனக்கு 66 வயதாகியும் அவளுக்கு நான் பாப்பாதான். கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். தொப்பூர் கணவாய், சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி. அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். வள்ளியூர் தாண்டிக் காற்றாலைகளைப் பார்த்ததும் அக்கா கதவுக் கண்ணாடியை இறக்கிவிட்டாள். கடைசி வரை ஏற்றவே இல்லை.

கன்னியாகுமரியில் ஒரே ஊரில் சூரியன் கடலில் உதிப்பதையும் கடலில் மறைவதையும் பார்க்கலாம். மறைவதைக் கடலிலேயே பார்க்க ஜனவரி போன்ற மாதங்கள்தான் நல்லது. அப்போது சூரியன் தெற்குப் பக்கமாகத் தள்ளி இறங்கும். கோடையில் வடக்கே நகர்ந்து கரைப் பக்கம் போய்விடும். கிழக்கே பார்த்தால் 1970-ல் திறந்த விவேகானந்தர் பாறை மண்டபம். அடுத்த பாறையில் 2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடி வள்ளுவர் சிலை. நாங்கள் போவதற்குச் சில வாரம் முன்புதான், 2024 டிசம்பர் கடைசியில், இரண்டு பாறைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்திருந்தார்கள். அசையாமல் நிற்கும் இந்தப் பாறைகளும் சுற்றி ஓயாமல் அசையும் தண்ணீரும் இருப்பதால், இந்த வகைப் படத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதல் நாள் அந்தி. எல்லாமே தப்பு. ஈர மணலில் ட்ரைபாடை வைத்தேன். ஒவ்வொரு அலைக்கும் கால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, சிலையே இரட்டையாகத் தெரிந்தது. கருப்புக் கண்ணாடியை மாட்டியபிறகு ஃபோகஸ் செய்யப் பார்த்தேன். இருட்டில் கேமரா முன்னும் பின்னும் தேடியதே தவிர நிற்கவில்லை. சூரியன் இறங்க இறங்க வெளிச்சம் குறைவதைக் கணக்கில் எடுக்காததால் கடைசிப் படங்கள் எல்லாம் இருட்டு. அக்கா பக்கத்தில் பாறைத் திண்டில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டே கடலைப் பார்த்தாள். சூரியன் தொட்டதும் "ஆத்தாடி" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியலில் திருத்திக்கொண்டேன். ஐந்தே முக்காலுக்கே போய், கூட்டத்திலிருந்து விலகி, கெட்டியான கல்தரையில் ட்ரைபாடை ஊன்றினேன். முதலில் ஃபோகஸ், பிறகு அதைக் கையால் பூட்டுவது, அதன்பிறகுதான் கண்ணாடி. ஐஎஸ்ஓ 100, எஃப் 11. சூரியன் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கண்ணாடி இல்லாமல் அரை விநாடி வேண்டும் என்று கேமரா காட்டியது. 64 கண்ணாடியைப் போட்டால் 32. என் கேமராவில் தானாக 30 வரைதான் திறக்கும். சரி, 30. விரல் அழுத்தும் அதிர்வு படாமல் இருக்க இரண்டு விநாடி டைமர் வைத்து அழுத்தினேன்.

படம் வந்தது. கடல் பால் மாதிரி. பாறைகள் அதன்மேல் மிதக்கிற மாதிரி. வானத்தில் செம்மை. கல்படிகளில் ஒரு ஈ காக்கை இல்லை. "சூப்பர் டீச்சர்! ஆள் நடமாட்டமே இல்லாம காலியா வந்திருக்கு!" என்றான் பையன். நீங்கள் பாராட்டிய முதல் படம் இதுதான்.

அப்போது அக்கா மூன்று காகிதக் கோப்பையில் சுக்குக் காப்பியோடு வந்து சேர்ந்தாள். நாங்கள் குளிரில் நிற்கிறோம் என்று, முட்டி வலியோடு படியிறங்கிப் போய் வாங்கிவந்திருக்கிறாள். திரையை எட்டிப் பார்த்தாள்.

"இது இப்ப எடுத்ததா?"

"ஆமாக்கா, இப்பத்தான்."

"நான் இந்தப் படி வழியாத்தானே நடந்து வந்தேன். நான் எங்க பாப்பா?"

பையன் சிரித்துக்கொண்டே விளக்கினான். நடக்கிறவங்க ஒரு இடத்துல நிக்காததால பதிய மாட்டாங்க பெரியம்மா, அதுதான் இந்தப் படத்தோட ஸ்பெஷல் என்றான். அக்காவும் சிரித்தாள். "அப்படியா, நல்லதாப் போச்சு, நடுவுல வந்து கெடுத்துட்டேனோன்னு நெனச்சேன்" என்று காப்பியை நீட்டினாள். எனக்குக் காப்பி இறங்கவில்லை.

பயிற்சிப் பள்ளியில் படிக்கும்போது ஒரு செய்தி படித்தேன். உங்களுக்கும் சொல்லியிருப்பேன். 1838-ல் பாரிஸ் நகரத்தில் டாகேர் என்பவர் தன் ஜன்னலிலிருந்து ஒரு தெருவைப் படம் எடுத்தார. அந்தக் காலத்தில் ஒரு படத்துக்குப் பல நிமிடம் ஆகும். வண்டியும் ஆளுமாக இருந்த தெரு, படத்தில் காலியாக வந்தது. ஓரத்தில் பூட்சுக்குப் பாலீஷ் போட்டுக்கொள்ள ஒரு மனிதர் காலை நீட்டி நின்றிருந்தார். அவர் மட்டும் தெளிவாகப் பதிந்தார். மனித உருவம் பதிந்த மிகப் பழைய புகைப்படங்களில் ஒன்று என்று அதைச் சொல்வார்கள். பாலீஷ் போட்டவரின் உருவமோ மங்கல்தான். அவர் கை ஓயாமல் அசைந்துகொண்டிருந்ததே, எப்படித் தெளிவாக விழும்? வேடிக்கைச் செய்தியாக அதை எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருக்கிறேன்! என் வீட்டிலேயே அப்படி ஒருத்தி இருப்பது தோன்றவில்லை.

உறவினர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என்னைவிட நன்றாகப் படிப்பாள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் வீட்டு வேலையும் ராகிக் காடும் அவள் தலையில் விழுந்தது. 1975-ல் எனக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தபோது விடுதிக்குப் பணம் இல்லை. அக்கா தன் கம்மலைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தாள். அந்தக் கம்மல் திரும்பி வரவில்லை. அந்த இரண்டு வருடப் பயிற்சியில்தான் நான் டீச்சர் ஆனேன். நீங்கள் எல்லாரும் எனக்குக் கிடைத்தீர்கள்.

கன்னியாகுமரி விடுதி அறையில் அன்று மத்தியானம் என் போனில் இருக்கும் பழைய படங்களை எல்லாம் தேடினேன். என் கல்யாணப் படம்: அக்கா இல்லை, பந்தியில் இருந்தாள். மகன் காதுகுத்து: இல்லை, சமையலில். 2017-ல் என் பணி நிறைவு விழா: மேடையில் இருபது பேர் இருக்கிறோம், அக்கா இல்லை. வந்தவர்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள். "வாக்கா, படம் எடுக்கலாம்" என்று கூப்பிட்டதும், "நீங்க எடுங்க, இதோ வர்றேன்" என்று அவள் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. எங்களுக்கு நேரமில்லை, எடுத்துவிட்டோம். ஐம்பது வருடமாக அக்கா நடந்துகொண்டே இருந்திருக்கிறாள். அதனால் எதிலும் பதியவில்லை.

மூன்றாம் நாள் விடியல். அதே இடம், அதே நேரம். "அக்கா, இன்னிக்குக் காப்பி வாங்கப் பையன் போவான். நீ இங்க நில்லு" என்றேன். ஈரமில்லாத மேல் படியில், கைத்தடியோடு நிற்க வைத்தேன்.

வெளிச்சமும் நேற்று மாதிரியேதான் இருந்தது. ஐஎஸ்ஓ, எஃப் எதையும் மாற்றவில்லை. நான் செய்தது ஒன்றே ஒன்று. அந்தக் கருப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். முப்பது விநாடி அரை விநாடியாகிவிட்டது. முப்பது விநாடி அசையாமல் நிற்க யாராலும் முடியாது. அரை விநாடி, மூச்சைப் பிடித்தால், எழுபத்திரண்டு வயதிலும் முடியும்.

இதில் கடலும் கெட்டுப்போகவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். அரை விநாடியில் தண்ணீர் பஞ்சாகாது. அலை திரும்பி இறங்கும்போது நுரை கோடு கோடாக இழுபடும், வாரிவிட்ட தலைமுடி மாதிரி. அலை உடையும்போது அழுத்தினால் வெறும் குழப்பம். உடைந்து, ஏறி, திரும்ப ஆரம்பிக்கும் நொடியில் அழுத்த வேண்டும். அதைப் பிடிக்க ஏழு படம் வீணானது. ஒவ்வொரு முறையும் "மூச்சு பிடிக்கா... விடுக்கா" என்றேன். எட்டாவதில் அமைந்தது. அக்கா தெளிவாக நிற்கிறாள். பின்னால் வள்ளுவர் நிற்கிறார். கீழே அலை இறங்குகிறது. முந்தானை நுனி மட்டும் காற்றில் அசைந்து மங்கியிருக்கிறது. திருத்தவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்ட இரண்டாவது படத்தில் நிற்பவர் அவர்தான். என் அக்கா.

திரையைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "சேலை நல்லா இல்லியே பாப்பா. சொல்லியிருந்தா அந்தப் பச்சைய கட்டியிருப்பேன்" என்றாள்.

சரி, படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

1. எத்தனை விநாடி என்று முதலில் கேட்காதீர்கள். எது பதிய வேண்டும், எது மறையலாம் என்று முடிவு செய்யுங்கள். மனிதர் வேண்டுமென்றால் அரை விநாடிக்குள். அலையின் கோடுகள் வேண்டுமென்றால் கால் முதல் ஒரு விநாடி. தண்ணீர் வழவழப்பாக, ஆனால் அலையின் போக்கும் தெரிய வேண்டுமென்றால் நான்கு முதல் எட்டு விநாடி. வெறும் பனிமூட்டம்தான் வேண்டுமென்றால் முப்பதும் அதற்கு மேலும்.

2. சூரியன் வருவதற்கு முக்கால் மணி முன்பே போய்விடுங்கள். மறைந்தபின் அரைமணி இருங்கள். நல்ல நிறம் அப்போதுதான். விடியலில் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், அந்தியில் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

3. ட்ரைபாடை மணலில் வைத்தால் நன்றாக அழுத்திப் புதைத்து வையுங்கள். நடுக்கம்பியை உயர்த்தாதீர்கள். ட்ரைபாடில் இருக்கும்போது லென்சில் உள்ள அதிர்வு தடுக்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

4. வானம் பளிச்சென்றும் கடல் இருட்டாகவும் இருக்கும். 1850-களிலேயே குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து ஒட்டினார். இன்று மேல்பாதி மட்டும் கருப்பான கண்ணாடி கிடைக்கிறது. இல்லாவிட்டால் வானம் வெளுத்துப்போகாத அளவுக்கு வைத்து எடுங்கள், கடலைப் பிறகு கொஞ்சம் வெளுப்பாக்கிக்கொள்ளலாம்.

5. உப்புத் திவலை லென்சில் படியும். ஒவ்வொரு சில படத்துக்கும் துடையுங்கள். வீட்டுக்கு வந்ததும் ட்ரைபாட் காலை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

6. சூரியன் மேலே வந்தபின் கேமராவின் கண்வழிப் பார்க்கவே கூடாது. கண் போய்விடும். திரையில் பாருங்கள்.

7. இது எல்லாவற்றையும்விட முக்கியம். கடலுக்கு முதுகு காட்டாதீர்கள், ஈரப் பாறையில் ஏறாதீர்கள். காற்றே இல்லாமல் திடீரென்று பெரிய அலை ஏறிவருவதை அங்கே கள்ளக்கடல் என்கிறார்கள். அந்த எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான் 2024 மே மாதம் அதே மாவட்டத்தில் மருத்துவம் படித்த ஐந்து பிள்ளைகளைக் கடல் கொண்டுபோனது. எந்தப் படமும் அதற்கு ஈடில்லை.

ஊருக்கு வந்ததும் ஓசூரில் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சட்டம் மாட்டி அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். "அடுப்படியில மாட்டு, நான் அங்கதானே இருப்பேன்" என்றாள். அவள் பேத்தி கேட்கவில்லை. வாசலைப் பார்த்த சுவரில், வருகிற எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டிவிட்டாள். அந்தப் பெண் என்னைவிடக் கெட்டிக்காரி.

அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "கம்மலப் பத்தி எழுதாத" என்றாள். எழுதிவிட்டேன். திட்டுவாள், பரவாயில்லை.

கடைசியாக வீட்டுப்பாடம். இன்று இரவு உங்கள் வீட்டு விசேஷப் படங்களை எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் யார் இல்லையோ, அவர்களை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலையை நிறுத்தச் சொல்லி வெளிச்சத்தில் நிற்க வையுங்கள். கேமரா வேண்டாம், போன் போதும். எடுத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஜூஜுவாடி